அடிவயிறு கலங்குது



கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்துக்கு நடந்து போவது பல வருடமாக என் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, சுபாங் ஜெயா தாண்டியதும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. விரல்கள் மரத்தன. மூச்சை எவ்வளவு இழுத்தாலும் போதவில்லை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்தேன். மாரடைப்பேதான் என்று நினைத்து வீட்டுக்குப் போன் போட்டேன்.

மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை. “வேலை டென்ஷன்தான், ரொம்ப யோசிக்காதீங்க” என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரமே மறுபடியும் வந்தது. அதன்பிறகு, வந்துவிடுமோ என்ற பயமே போதுமானதாக இருந்தது. முதலில் ரயிலை விட்டேன். பிறகு ஃபெடரல் ஹைவேயில் கார் ஓட்டுவதை விட்டேன். பத்துமலைத் தைப்பூசம், உறவினர் கல்யாணம், கடைசியில் லிஃப்ட் என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போனது. அம்மா கோயிலுக்குக் கூட்டிப்போய் திருநீறு பூசி, கையில் கயிறு கட்டிவிட்டார். அதை நான் குறை சொல்லவே மாட்டேன். சந்நிதியில் நின்ற நேரம் மனம் அடங்கித்தான் இருந்தது. வெளியே வந்து செருப்பைத் தேடும்போது மறுபடியும் தொடங்கிவிடும்.

இதையெல்லாம் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். நம் இதழில் தூக்கமின்மை பற்றி வந்த கட்டுரைக்குப் பிறகு நீங்கள் அனுப்பிய கடிதங்களைப் படித்தபோது இனியும் மறைப்பது சரியில்லை என்று பட்டது. பாதிப்பேர் கேட்டது ஒரே கேள்வி: யாரைப் போய்ப் பார்ப்பது?

எனக்கு அந்தக் கேள்வி வரவே ஆறு மாதம் ஆனது. நம் நாட்டில் ஓர் ஊரின் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். ஈப்போவுக்குப் பக்கத்தில், தஞ்சோங் ரம்புத்தானில் 1911-இல் திறந்த மனநல மருத்துவமனையின் இன்றைய பெயர் பஹாகியா. மலாயில் மகிழ்ச்சி என்று பொருள். ஆனால் “தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவேன்” என்று மிரட்டித்தானே தோட்டத்திலும் தாமானிலும் பிள்ளைகளை வளர்த்தோம்? மனநலப் பிரிவின் வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது என்ற பயம், ரயில் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

கடைசியில், யார் கண்ணிலும் படாமல் ஒரு தனியார் ஆலோசகரிடம் போனேன். ஒரு முறைக்கு இருநூறு வெள்ளி. ஆங்கிலத்தில் சரளமாகப் பேசினேன், அவரும் பேசினார். மூன்று முறை போனபின்தான் உறைத்தது: பேசியது எல்லாம் சரி, அதில் நான் இல்லை. நான்காவது முறை அவர், நேர்மறையாகச் சிந்தியுங்கள் என்று புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். அத்தோடு நிறுத்திவிட்டேன். சிகிச்சையே எனக்குப் பலிக்காது என்று முடிவு கட்டியதுதான் நான் செய்த தவறு. செருப்புக் கடித்தால் வேறு செருப்பு வாங்குகிறோம், நடப்பதையா விடுகிறோம்?

வழி திறந்தது வீட்டுக்குப் பக்கத்திலிருந்த அரசாங்க கிளினிக்கில். இரத்தக் கொதிப்பு பார்க்கப் போன இடத்தில், ஒரு தாதி தாள் ஒன்றை நீட்டினார். இருபத்தொரு கேள்விகள். கடந்த ஒரு வாரத்தில் வாய் உலர்ந்ததா, கை நடுங்கியதா, காரணம் இல்லாமல் பயம் வந்ததா என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். டாஸ் என்று அதற்குப் பெயர். என் கூட்டுத்தொகையைப் பார்த்த டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். குடிமக்களுக்குக் கிளினிக்கில் ஒரு வெள்ளி, நிபுணரிடம் ஐந்து வெள்ளி. காத்திருப்புதான் நீளம். முதல் சந்திப்புக்குச் சில வாரங்கள் ஆயின. அந்த வாரங்களைத் தாண்டுவது கடினம், ஆனால் தாண்டலாம்.

அங்கே இருந்த உளவியலாளருக்கு என் மகள் வயது இருக்கும். நான் ஆங்கிலத்தில் தொடங்கினேன். அவர் தமிழில் கேட்டார்: “உடம்புல எங்க தெரியுது உங்களுக்கு?”

“அடிவயிறு கலங்குது” என்றேன். சொன்னதும் அழுதுவிட்டேன்.

அதுவரை யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. ஸ்ட்ரெஸ், ஆங்ஸைட்டி என்று எத்தனையோ முறை சொல்லியிருந்தேன். நம் பயம் வயிற்றைப் பிசையும், ஈரக்குலையை நடுங்கவைக்கும், மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். உடம்பின் எந்த இடம் என்று தமிழ் மிகத் துல்லியமாகச் சொல்கிறது. அவர் அதை அப்படியே தமிழில் குறித்துக்கொண்டார்.

பிறகு விளக்கினார். ஆபத்து என்று மூளை தவறாக மணி அடிக்கிறது. உடம்பு ஓடத் தயாராகிறது. வேகமாக மூச்சுவிடுவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல் மரத்து, தலை சுற்றுகிறது. அதைக் கண்டு இன்னும் பயப்படுகிறோம். உச்சத்தைத் தொட்டுத் தானாக இறங்கக்கூடிய ஒன்றிலிருந்து, இறங்கும் முன்பே நான் ஒவ்வொரு முறையும் ஓடிக்கொண்டிருந்தேன். ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மூளை பாடம் படித்துக்கொண்டது.

அந்தப் பாடத்தை அழிக்க அவர் கொடுத்த வீட்டுப்பாடம் ரயில்தான். முதல் வாரம் புக்கிட் பாடாக் வரை ஒரே ஒரு ஸ்டேஷன். பிறகு பாடாங் ஜாவா. ஷா ஆலமுக்குப் போன நாள், நெஞ்சு அடித்துக்கொண்டேயிருக்க, இறங்காமல், அது அடங்கும்வரை இருக்கையில் இருந்தேன். இருபது நிமிடம் ஆகவில்லை. பயத்தோடு உட்கார்ந்திருக்க முடியும் என்று அன்றுதான் முதன்முதலாகத் தெரிந்தது. கூடவே மனநல மருத்துவர் மாத்திரையும் கொடுத்தார். அது வேலை செய்யச் சில வாரம் ஆகும், முதல் சில நாள் குமட்டலாம், நன்றாகிவிட்டது என்று நீங்களே நிறுத்தக் கூடாது என்று முன்கூட்டியே சொன்னார். முதல் இரண்டும் அப்படியே நடந்தன. நானே நிறுத்தியும் பார்த்து அவதிப்பட்டேன். நீங்கள் செய்ய வேண்டாம்.

தமிழ் பேசும் நிபுணர் எல்லாருக்கும் கிடைக்கமாட்டார். 2018-இல் நாடு முழுவதற்குமே மனநல மருத்துவர்கள் 410 பேர்தான் என்று கணக்கெடுத்தார்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசும் நல்லவர் ஒருவர் அமைந்தால் விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு நடப்பதை மட்டும் வீட்டிலேயே உங்கள் தமிழில் எழுதி எடுத்துப் போங்கள். தனியாரிடம் போவதானால் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆலோசகர்களுக்கு 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவும் பயிற்சி உரிமமும் உண்டு. கேட்டால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்பவர் நமக்கு வேண்டாம். பணம் இடித்தால் உளவியல் துறை உள்ள பல்கலைக்கழகங்களின் பயிற்சி மையங்களை விசாரியுங்கள், அங்கே பொதுவாகக் கட்டணம் குறைவு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் போலீஸ் வழக்காகிவிடும் என்று ஒரு வாசகி பயந்து எழுதியிருந்தார். அம்மா, எண்ணம் ஒருநாளும் குற்றமாக இருந்ததில்லை. முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவும் 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. தைரியமாகப் பேசுங்கள். 1970-லிருந்து இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 24 மணி நேரமும் போனை எடுக்கும்: 03-7627 2929. சுகாதார அமைச்சின் ஹீல் உதவித் தொலைபேசி எண் 15555.

உங்களிடம் ஓர் உதவி. கிள்ளான், ஷா ஆலம், பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் என்று உங்கள் வட்டாரத்தில் தமிழில் பேசும் ஆலோசகரோ உளவியலாளரோ உங்களுக்குப் பயன்பட்டிருந்தால் எழுதுங்கள். எந்த மருத்துவமனை அல்லது மையம், எவ்வளவு நாள் காத்திருந்தீர்கள், என்ன செலவானது என்பது போதும். உங்கள் பெயரை வெளியிட மாட்டோம். அந்த நிபுணர்களுடைய சம்மதத்தைக் கேட்டு, பதிவைச் சரிபார்த்து, வரும் இதழ்களில் பட்டியலாகப் போடுகிறோம்.