கருவுறுமுன் வேண்டும் மாத்திரை

1928-இல் பம்பாய் வந்த ஆங்கிலப் பெண் மருத்துவர் லூசி வில்ஸ், நெசவாலைகளில் உழைத்த கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்து, ஈஸ்ட் சாரத்தால் அது தீருவதை 1931-இல் வெளியிட்டார். அதிலிருந்த சத்தே பின்னாளில் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. நம் தொழிற்பெண்களிடம் பிறந்த அறிவு நம் வீடுகளுக்குக் காலந்தாழ்ந்து வருவானேன்?

சிசுவின் தண்டுவடக்குழல் கருவுற்ற 28 நாட்களுக்குள் மூடிவிடும். அப்பொழுது தாய்க்கே செய்தி தெரிவது அரிது. மூன்றாம் மாதம் தொடங்கும் மாத்திரை சோகைக்கு உதவும். முதுகெலும்புக் குறையைத் தடுக்காது. கீரை போதாதா என்பர் மூத்தோர். நம் உழவர் விளைக்கும் கீரை நன்றே. ஆயினும் நீரில் வேகும்பொழுது இச்சத்து பெரிதும் குறைகிறது.

ஆகவே, மகப்பேறு நாடும் மருமகளுக்கு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தை முன்கூட்டியே கொடுக்கத் தொடங்குமாறு மாமியார்களை வேண்டுகிறோம். மாமனார்களும் ஒதுங்க வேண்டா. முன்பு இக்குறையுள்ள மகவைப் பெற்றவர்களும், வலிப்புக்கு மருந்துண்போரும் மருத்துவரைக் கேட்டே அளவு கொள்க.