ஏழாம் மாதமும் எட்டாம் மாதமும்

ஏழாம் மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்று நம் வீடுகளில் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நம்மூர்ச் சொத்து மட்டுமல்ல இது. ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல்களில் எட்டு மாதக் குழந்தையைப் பற்றித் தனி நூலே உண்டு. அவ்வளவு பழைய பேச்சு. ஆனாலும் தவறு. பெரியவர்களாகிய நாம்தான் இதை முதலில் விட வேண்டும்.

நுரையீரலுக்குள் கோடிக்கணக்கான காற்றுப் பைகள் இருக்கின்றன, உள்ளே ஈரத்தோடு. குமிழி சிறுக்கச் சிறுக்க உள்ளழுத்தம் கூடும் என்பது லாப்லாஸ் விதி. பள்ளியில் நாங்கள் பிரெஞ்சில் உருப்போட்டது. எதற்கென்று அப்போது யாரும் சொல்லவில்லை. ஈரத்தின் இழுப்பினால் இந்தப் பைகள் ஒவ்வொரு முறை மூச்சை வெளியே விடும்போதும் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். ஒட்டாமல் காப்பது சர்பாக்டன்ட் என்கிற கொழுப்புப் பூச்சு. குறைமாதத்தில் பிறந்து மூச்சுத் திணறி இறந்த குழந்தைகளுக்கு இந்தப் பூச்சு போதவில்லை என்பதை 1959இல் அமெரிக்காவில் மேரி எல்லன் ஏவரியும் ஜெர் மீடும் காட்டினார்கள்.

பூச்சைத் தயாரிக்கும் வரிசையில் முக்கியமான ஒரு நொதி, சிசுவின் நுரையீரல் செல்லுக்குள் முன்பே இருக்கிறது. ஆனால் பெரும்பகுதி சும்மா மிதந்துகொண்டிருக்கும். மாதம் நிறைய நிறைய அங்கே கொழுப்பு அமிலங்கள் கூடுகின்றன. அவை கூடியதும் நொதி செல்லின் உட்சவ்வில் போய் ஒட்டிக்கொண்டு வேலையில் இறங்குகிறது. ஆள் உண்டு, நாற்காலி உண்டு, உத்தரவு மட்டும் வரவில்லை என்ற நிலைமை அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். இங்கே கொழுப்பு செய்கிறவருக்கு உத்தரவு போடுவதும் கொழுப்பேதான்.

சுமார் 24ஆவது வாரத்தில் மெல்லத் தொடங்கும் இந்தத் தயாரிப்பு, பெரும்பாலான குழந்தைகளுக்கு 34, 35 வாரத்தில்தான் போதிய அளவை எட்டுகிறது. அப்படியிருக்க ஏழு எப்படி எட்டைவிட மேலாகும்? 1963இல் அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இதே மூச்சுத் திணறலால் 39 மணி நேரத்தில் இறந்தான். எட்டாம் மாதம்தானே என்பீர்கள். ஏழாம் மாதமாக இருந்திருந்தால், அந்தக் காலத்து வைத்தியத்தில், அவ்வளவு நேரம்கூடச் சந்தேகம்தான்.

1972இல் நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹோவி இருவரும் குறைப்பிரசவம் வரக்கூடிய தாய்க்கு முன்கூட்டியே ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் மூச்சுத் திணறல் குறைகிறது என்று காட்டினார்கள். கொழுப்பு அமில உற்பத்தியைத் தூண்டி, உத்தரவை முன்னதாகவே வரவழைப்பது அந்த ஊசி செய்யும் வேலைகளில் ஒன்று. விலை மிகக் குறைவு. அமெரிக்க நிபுணர் குழு இதைப் பரவலாகப் போடச் சொன்னது 1994இல்! 22 ஆண்டுகள். இப்போது டாக்டர் போடச் சொன்னால், "வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு ஸ்டீராய்டா?" என்று தடுப்பது பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள்தான்.

இன்னொன்றும் நம் தலையில்தான் விடிகிறது. சிசேரியன் என்று முடிவானதும் பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியரிடம் போகிறோம். அவர் சொல்லும் நட்சத்திரம் 37ஆவது வாரத்தில் வந்தால் அன்றைக்கே எடுத்துவிடச் சொல்லி டாக்டரை நச்சரிக்கிறோம். 39ஆம் வாரத்தில் எடுக்கும் குழந்தையைவிட 37இல் எடுக்கும் குழந்தைக்கு மூச்சுக் கோளாறு அதிகம் வருகிறது. தாய்க்கோ பிள்ளைக்கோ ஆபத்து என்று டாக்டரே முன்னதாக எடுப்பது வேறு விஷயம். அதில் நாம் வாய் திறக்கக் கூடாது. ஜோசியமே வேண்டாம் என்று நான் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? 39 வாரம் நிறைந்த பிறகு டாக்டர் கொடுக்கும் தேதிகளை எழுதிக்கொண்டு போய், அதற்குள் நல்ல நேரம் பார்த்துத் தரச் சொல்லுங்கள். எந்த ஜோசியரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்.