'நெவர்' முன்னாடி வந்தா..?

'இப்படி ஒரு மேட்சைப் பார்த்ததே இல்லை!' இதுல அழுத்தம் எங்கே இருக்கு ஃபிரெண்ட்ஸ்? 'பார்த்ததே'யில் ஒட்டியிருக்கும் குட்டி 'ஏ'யில்! ஆங்கிலத்தில் அந்த 'ஏ' கிடையாது. அதனால், அழுத்த வேண்டிய வார்த்தையையே வாக்கியத்தின் முன்னால் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

'ஐ ஹேவ் நெவர் சீன் சச் எ மேட்ச்' - இது சாதாரணம். 'நெவர் ஹேவ் ஐ சீன் சச் எ மேட்ச்' - இதுதான் அழுத்தம். 'நெவர்' முன்னாடி வந்ததுமே 'ஹேவ்', எழுவாயான 'ஐ'யைத் தாண்டிக் குதிச்சிடுச்சு பாருங்க. 'நெவர் ஐ ஹேவ் சீன்'னு எழுதினா மார்க் போச்சு! ரேர்லி, செல்டம், ஹார்ட்லி, நோ சூனர் எல்லாம் இதே கோஷ்டிதான்.

துணைவினையே இல்லையா? டூ, டஸ், டிட்டைக் கூப்பிடுங்க. 'ஷி ரேர்லி ஸ்பீக்ஸ்' என்பது 'ரேர்லி டஸ் ஷி ஸ்பீக்' ஆகும். 'ஸ்பீக்ஸ்'ல இருந்த 'எஸ்' எங்கே? 'டஸ்' வாங்கிக்கிச்சு!

'ஒன்லி ஆஃப்டர்' வந்தா உஷார். 'ஒன்லி ஆஃப்டர் ஐ ரீச்ட் ஹோம் டிட் ஐ ரிமெம்பர்.' முதல் பாதியில் கை வைக்காதீங்க. இரண்டாம் பாதிதான் திரும்பும்.

1940 ஆகஸ்ட் 20 அன்று, போர் விமானிகளைப் பாராட்டி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சர்ச்சில் சொன்ன புகழ்பெற்ற வாக்கியம்கூட 'நெவர்' என்று தொடங்கி, எழுவாய்க்கு முன்பே 'வாஸ்' போட்டதுதான். மேடைக்கும் கட்டுரைக்கும் கம்பீரம் தரும் நடை இது. அதுக்காக கேன்டீன் சமோசாவுக்கெல்லாம் 'நெவர் ஹேவ் ஐ...'ன்னு ஆரம்பிச்சுடாதீங்க!

இப்போ உங்க டர்ன்: 'ஹி செல்டம் கம்ஸ் லேட்.' 'செல்டம்'ல ஆரம்பிச்சுத் திருப்புங்க பார்க்கலாம்!