கையேடும் ஒரு பாடநூலே!

கல்லூரி என்றதும் நம் கண்முன் தோன்றுபவை புதிய புத்தகங்கள், புதிய தோழியர், பரந்த நூலகம் ஆகியவைதாம். சேர்ந்த முதல் வாரத்தில் கையில் தரப்படும் விதிமுறைக் கையேட்டை நினைப்பவர் மிகச் சிலரே. அதைப் படிக்காமல் அலமாரியில் வைப்பது, வழி கேட்காமல் ஊர் போவதற்குச் சமம் என்பது என் கருத்து.

பள்ளியில் நாம் இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் சிஸ்டர் அழைத்துக் காரணம் கேட்பார்கள். கல்லூரியில் ஒவ்வொருவர் பின்னாலும் யாரும் வரமாட்டார்கள். கணக்கு மட்டும் ஏட்டில் ஏறிக்கொண்டே இருக்கும்.

வருகைப் பதிவையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் பல பல்கலைக்கழகங்களில் தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாட்கள் என்றால், 68 நாட்கள் வந்தே தீர வேண்டும். எஞ்சுவது 22 நாட்களே. சற்றுக் குறைந்தால் மருத்துவச் சான்று காட்டி, கட்டணம் செலுத்தித் தேர்வு எழுத வழி உண்டு. மிகவும் குறைந்தால் அந்தப் பருவத்தையே மீண்டும் படிக்க நேரிடும்.

22 நாட்கள் ஏராளம் என்று தோன்றலாம். ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? அத்தை வீட்டுத் திருமணம், அம்மாவுக்குக் காய்ச்சல், பாட்டிக்குத் துணை என்றால், "இன்று ஒரு நாள் இருந்துவிடேன்" என்ற சொல் பெண்பிள்ளையைப் பார்த்தே வருகிறது. அண்ணன் வழக்கம்போல் கிளம்பிவிடுகிறான். பெற்றோர்களே, அந்த ஒரு நாளும் 22-இல் ஒன்று என்பதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

மதிப்பெண்ணிலும் இப்படியே. பல கல்லூரிகளில் அகமதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75. பருவத் தேர்வில் மட்டும் தனியாக 40 விழுக்காடு, அதாவது 30 மதிப்பெண், பெற வேண்டும் என்ற விதியும் உண்டு. அங்கே ஒருத்தி அகமதிப்பீட்டில் 25-ம் தேர்வில் 29-ம் பெற்றால் கூட்டுத்தொகை 54. ஆனாலும் தேர்ச்சி இல்லை! இதை முடிவு வந்த பின் அறிந்து என்ன பயன்?

விதிகளைப் போலவே உதவிகளும் அறியாதவருக்கு இல்லாதவையே. 2003-இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களையும், 2017-இல் வந்த ஸ்வயம் பாடங்களையும் கட்டணமின்றிப் பார்க்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம். சென்னையில் 1896 முதல் கன்னிமாரா நூலகமும், 2010 முதல் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023 முதல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் நமக்காகத் திறந்திருக்கின்றன. கல்லூரி நூலகமோ கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. விலை உயர்ந்த நூலை வாங்க முடியவில்லையே என்று கலங்குமுன் நூலகரைக் கேட்கலாமே!

"இதெல்லாம் போய்த் தெரிந்துகொள்ளலாம்" என்பார் சிலர். கல்லூரி சென்ற தாய் தந்தையரைப் பெற்றவளுக்கு அது சரி. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதிப்பவளுக்கு யார் சொல்வார்கள்? விதி எல்லோருக்கும் ஒன்றுதான். அறியாமையின் விலை மட்டும் அவளுக்கு அதிகம்.

ஆகவே, பன்னிரண்டாம் வகுப்பு முடியுமுன் ஒரு கல்லூரிக் கையேட்டை எங்களுக்குத் தமிழில் விளக்க ஒரு வகுப்பு ஒதுக்குமாறு நம் சிஸ்டர்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். தோழியரே, நாமும் பேராசிரியரிடம் ஐயம் கேட்கக் கூச்சப்படாதிருப்போம். வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவுடைமை.