அய்லரின் அலறலும் அய்லரின் மெட்டும்

ஆல்பர்ட் அய்லரின் வாரிசுகளைப் பட்டியலிடுபவர்கள், யாருடைய சாக்ஸஃபோன் எவ்வளவு உரக்க அலறுகிறது என்பதையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். இதில் நமக்கு உடன்பாடில்லை.

1964 ஜூலையில் பதிவான 'ஸ்பிரிச்சுவல் யூனிட்டி' அரைமணி நேரம்கூட ஓடாத இசைத்தட்டு. அதில் 'கோஸ்ட்ஸ்' இரண்டு வடிவங்களில் வருகிறது. ஒருமுறை கேட்டால் குழந்தையும் முணுமுணுத்துவிடக்கூடிய மெட்டு. சன்னி மரேயின் ட்ரம்ஸ் தாளத்தை எண்ணிக்காட்ட மறுக்கிறது. கேரி பீகாக்கின் பாஸ் தனிவழியில் அலைகிறது. இவற்றின் நடுவே அந்த எளிய மெட்டு உருகி, உடைந்து, ஓலமாகிறது. பிறகு எதுவும் நடவாததுபோலத் திரும்பி வருகிறது. அத்திரும்புதலில்தான் அய்லர் இருக்கிறார் என்போம். தேவாலயப் பாடல்களிலும், லிட்டில் வால்டரின் ப்ளூஸ் குழுவிலும், அமெரிக்க இராணுவ வாத்தியக் குழுவிலும் உருவான செவி அது. 1968இல் 'நியூ கிராஸ்' பதிவில் அவர் ரிதம் அண்ட் ப்ளூஸ் பக்கம் சாய்ந்தபோது துரோகம் என்று கொதித்தவர்கள் இதை மறந்துவிட்டார்கள். (அத்தட்டு சுமாரானது என்பது வேறு விஷயம்.)

தன்னைவிடப் பத்து வயது மூத்த கோல்ட்ரேனையே அவர் பாதித்தார். 1967 ஜூலையில் கோல்ட்ரேனின் இறுதிச்சடங்கில் வாசித்தார். அடுத்த ஆண்டே ஜெர்மனியில் பீட்டர் ப்ராட்ஸ்மானின் 'மெஷின் கன்' வெளிவந்தது. அதன் மூர்க்கத்தை அய்லரின் கணக்கில் எழுதுவது பாதி உண்மையே. போருக்குப் பிந்தைய தலைமுறையொன்றின் சொந்தக் கோபமும் அதில் இருக்கிறது.

மாறாக, டேவிட் மரே 1976இல் பதிவுசெய்த 'ஃப்ளவர்ஸ் ஃபார் ஆல்பர்ட்' ஓர் அஞ்சலி; அதுவோ பாடத்தக்க மெட்டு. இருபத்தோரு வயது இளைஞர் அய்லரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மார்க் ரிபோ 'ஸ்பிரிச்சுவல் யூனிட்டி' என்றே பெயரிட்டுக் குழு அமைத்தார். பாஸ் வாசித்தவர் ஹென்றி க்ரைம்ஸ். 1965இல் அய்லருடன் வாசித்து, பின்பு முப்பதாண்டுகளுக்கும் மேலாக இசையுலகின் கண்ணில் படாமலிருந்து, 2002இல் கண்டுபிடிக்கப்பட்டவர். அய்லரோ 1970 நவம்பரில், முப்பத்துநான்கு வயதில், நியூயார்க்கின் கிழக்கு ஆற்றில் பிணமாகக் கிடைத்தார். ரிபோ கிதார் கலைஞர். மூச்சில்லாத வாத்தியத்தில் அய்லரின் அலறலை நகலெடுக்க வழியில்லை. மெட்டைத்தான் பிடித்துக்கொண்டார், அது போதுமானதாக இருந்தது.