அமைதிக்கு ஒரு கட்டடம்



சிங்கப்பூர் போய்வந்தவர்களின் கைப்பேசியில் எஸ்பிளனேட் கலையரங்கின் படம் ஒன்றாவது இருக்கும். மரினா விரிகுடாக் கரையில், முள் முள்ளான கூரையோடு நிற்கும் அதற்கு ஊரார் ‘டுரியான்’ என்று பழத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். கூரையைப் படமெடுத்தாயிற்று, வாருங்கள், இம்முறை உள்ளே போவோம்.

2002 அக்டோபரில் திறக்கப்பட்ட இந்த வளாகத்தில் சுமார் 1,600 பேர் அமரும் இசையரங்கும், 2,000 பேர் அளவுக்கு இடமுள்ள நாடக அரங்கும் இருக்கின்றன. இசையரங்கின் ஒலியமைப்பு அமெரிக்க நிபுணர் ரசல் ஜான்சனின் கைவண்ணம். நல்ல ஓசை வேண்டுமென்றால் முதலில் நல்ல அமைதி வேண்டும். பக்கத்திலோ ஓயாத சாலை. அதன் அதிர்வு உள்ளே எட்டாதபடி, அரங்கைக் கட்டடத்தின் மற்ற பகுதிகளிலிருந்து பிரித்து, ரப்பர் தாங்கிகளின் மேல் நிறுத்தியிருக்கிறார்கள்.

மேடைக்கு மேலே மூன்று பாகங்களாகத் தொங்கும் விதானத்தை நிகழ்ச்சிக்கு ஏற்ப ஏற்றி இறக்கலாம். அரங்கின் மேற்பகுதியைச் சுற்றி வெறும் கான்கிரீட் அறைகள். அவற்றின் கதவுகளைத் திறந்துவிட்டால் ஓசை உள்ளே புகுந்து சுழன்று, மெல்ல அடங்கும். அங்குள்ள 4,740 குழல்கள் கொண்ட ஆர்கனுக்கு அந்த நீண்ட முழக்கம்தான் அழகு. நம் மிருதங்கத்துக்கு அது ஆகாது. ஒரு சொல்லின் நாதம் ஓய்வதற்குள் அடுத்த சொல் வந்து விழுமே! அப்போது கதவுகளைச் சாத்தி, ஒலியை உறிஞ்சும் திரைகளை இறக்கிக்கொள்ளலாம். ஆண்டுதோறும் தீபாவளியை ஒட்டி ‘கலா உத்சவம்’ என்ற இந்தியக் கலை விழாவை நடத்தும் இடத்துக்கு இது பெரிய வரம்.

இத்தனை ஏற்பாட்டிலும் கட்டடக்காரர்களின் கைக்குள் அடங்காத ஒன்று உண்டு: ரசிகர்கள். காலி அரங்கில் ஒலி ஒரு மாதிரி இருக்கும். ஆட்கள் நிறைந்ததும் மாறிவிடும். நம் உடலும் உடுத்தியிருக்கும் துணியும்கூட ஓசையை உறிஞ்சுகின்றன. ஆக, இருக்கையில் அமர்ந்த கணத்திலிருந்து நாமும் அந்த ஒலியமைப்பில் ஒரு பங்கு.

இதை எண்ணும்போது நம் ஊர் சபாக்கள் மனத்தில் வருகின்றன. ரப்பர் தாங்கிகளும் நகரும் விதானமும் எல்லா ஊருக்கும் வாய்க்காது. ஆனால் அமைதியை நாமே தர முடியும். கச்சேரி தொடங்குமுன் வந்து அமர்வோம். கைப்பேசியை அணைத்துவைப்போம். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனை நோக்கி எழாமல், கடைசித் தீர்மானம் வரை இருப்போம். மிருதங்கக்காரரும் கடக்காரரும் ஆண்டுக்கணக்கில் சாதகம் செய்தது அந்தச் சில நிமிடங்களுக்காகவும்தானே?

உங்கள் ஊர் அரங்கத்தில் மைக் வைப்பவர், திரை இழுப்பவர், விளக்குப் போடுபவர் யாரென்று விசாரியுங்கள். அவர்கள் வேலையைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். அவர்களுக்கென்று இந்த இதழில் பக்கங்கள் காத்திருக்கின்றன.

அன்புடன்,
ஆசிரியர்