காலம் தள்ளுவது யார்?

"இலங்கைத் தமிழ் அகதிகள் குடியுரிமை மனு போட்டுவிட்டு இங்கேயே காலம் தள்ளுகிறார்கள், நிலுவை மனுவைக் காட்டி நாடுகடத்தலை நிறுத்தக் கூடாது" என்கிறார்கள். காலம் தள்ளுவது யார்?

1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையின் 5,25,000 மலையகத் தமிழரை ஏற்பதாகக் கையெழுத்திட்டது இந்தியா. அப்படி வந்தவர்களில் பலர் கொடைக்கானல் காடுகளில் வாட்டில் மரப்பட்டை உரித்தார்கள். 1980களில் அவர்களைக் கொத்தடிமைத்தனத்திலிருந்து மீட்க வேண்டியிருந்தது. முறைப்படி வந்தவர்களுக்கே அந்தக் கதி! 1983 இலங்கைக் கலவரத்தில் உயிர் தப்பி ஓடிவந்த மலையகத்தார் பலரோ இன்றும் தமிழக அகதி முகாமில், 'சட்டவிரோதக் குடியேறி' என்ற பெயரோடு. 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, 65 பேரின் குடியுரிமைக் கோரிக்கையை 16 வாரத்தில் முடிவு செய்யச் சொன்னது. கெடு வைத்தது அகதிக்கு அல்ல, மத்திய அரசுக்கு.

மனுவுக்குப் பதிலே சொல்லாமல் ஆளை அனுப்பிவிட்டால், பிறகு வரும் சம்மதம் யாருக்கு? முகாமில் பிறந்த பிள்ளையை எந்த ஊருக்குத் 'திருப்பி' அனுப்புவீர்கள்?

முன்மாதிரி பழனிமலையிலேயே இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்தின் 4(5) பிரிவுப்படி, உரிமைக் கோரிக்கையைச் சரிபார்த்து முடிக்கும்வரை பளியர் பழங்குடியினரைக் காட்டிலிருந்து வெளியேற்ற முடியாது. அதே வரியை முகாம்வாசிக்கும் எழுதுங்கள். மத்திய அரசின் 2025 செப்டம்பர் உத்தரவு மட்டும் போதாது; அது 9.1.2015 வரை வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனை விலக்கு தந்தது, குடியுரிமை தரவில்லை.